எங்கள் கம்பெனி ஐரோப்பாவைச் சுத்தம் செய்யப் போன கதை

எங்கள் தலைமை மேலாளர் ஐரோப்பாவிலிருந்து திரும்பி வந்தபோது கழுத்தில் ஒரு கம்பளித் துண்டைச் சுற்றியிருந்தார். ஆக்லாந்தில் அது பிப்ரவரி மாதம், உச்சக் கோடை. நகரின் வடபுறம் ஆல்பனியில் இருந்த எங்கள் அலுவலகத்தில் ஏர்கண்டிஷனர் ஓடியும் எல்லோருக்கும் வியர்த்துக்கொண்டிருந்தது. அவர் மட்டும் கம்பளித் துண்டோடு கூட்ட அறையின் முன்னால் நின்று, "நண்பர்களே, எதிர்காலத்தை நான் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன்" என்றார்.

எதிர்காலம் செத்துப்போன பேட்டரிகளில் இருந்ததாம். அங்கே ஒரு வணிகக் கண்காட்சியில் யாரோ அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். ஐரோப்பாவில் எல்லோரும் மின்சாரக் கார் வாங்கப் போகிறார்கள், அந்த பேட்டரிகள் எல்லாம் ஒருநாள் சாகும், சட்டப்படி விற்றவனே திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும், உள்ளே இருக்கும் கோபால்ட்டின் விலையோ ஏறிக்கொண்டே போகிறது. இதையெல்லாம் கேட்டுவிட்டு, அந்தக் குப்பையை அள்ளப் பிறந்தவர்கள் நாங்கள்தான் என்ற முடிவுக்கு அவர் விமானத்திலேயே வந்துவிட்டார். பூமியின் மறுகோடியில் இருக்கும் எங்களுக்கு ஐரோப்பாவின் மறுசுழற்சிச் சந்தையில் என்ன வேலை என்று ஒருவரும் கேட்கவில்லை. கைதட்டினார்கள். நானும் தட்டினேன். மதிய உணவு நேரம் ஆகியிருந்தது.

இரண்டாயிரத்துப் பத்துகளின் பிற்பகுதி அது. மின்சாரம், பசுமை, சுழற்சி என்ற மூன்று சொற்களைச் சரியான இடைவெளியில் சொல்லத் தெரிந்த யாரும் அப்போது எந்த அறையிலும் கைதட்டல் வாங்கலாம்.

எங்கள் கம்பெனியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பேட்டரி தயாரிப்பாளர் என்று அது தன்னை அழைத்துக்கொண்டது. ஒரு காலத்தில் படகுகளுக்கும் கேரவன்களுக்கும் மாட்டுப் பண்ணைகளின் மின்வேலிகளுக்கும் நல்ல ஈய பேட்டரி செய்து விற்றவர்கள்தான். நான் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் சேர்ந்தபோது ஈயம் உருக்கும் பகுதியை மூடிவிட்டிருந்தார்கள். லித்தியம் செல்கள் கப்பலில் வந்து இறங்கும். எங்கள் ஆட்கள் அவற்றைப் பெட்டியில் அடுக்கி, கம்பி இணைத்து, பச்சை லேபிள் ஒட்டுவார்கள். லேபிளில் இந்த நாட்டின் சின்னமான ஃபெர்ன் இலை ஒன்று இருக்கும். அந்த இலைதான் முழுக்க முழுக்க எங்கள் சொந்தத் தயாரிப்பு.

அந்த பேட்டரிகள் உத்தரவாதக் காலத்துக்குள் செத்தால் வாடிக்கையாளர்கள் திருப்பி அனுப்புவார்கள். பழைய ஈய பேட்டரி என்றால் கவலையில்லை, பழைய இரும்பு வாங்குகிறவர்கள் வந்து அள்ளிக்கொண்டு போய்விடுவார்கள். லித்தியத்தை யாரும் தொடமாட்டார்கள். அதை உடைத்துப் பிரிக்கும் வசதி அப்போது எங்கள் நாட்டில் கிடையாது. வெளிநாட்டுக்குக் கப்பலேற்றலாம், ஆனால் அதற்குரிய அனுமதியும் செலவும் எங்கள் நிர்வாகத்துக்கு ஒவ்வாதவை. ஆகவே அவை தொழிற்சாலையின் பின்பக்கம் ஒரு பழைய கண்டெய்னரிலும், அது நிறைந்த பிறகு தார்ப்பாய்க்கு அடியிலும் கிடந்தன. சில உப்பியிருந்தன. மழைக்காலத்தில் தார்ப்பாயின் மேல் தண்ணீர் தேங்கும், அதில் கடற்பறவைகள் வந்து குளிக்கும். தன் முற்றத்துக் குப்பையை அகற்ற வழி தெரியாத கம்பெனி ஐரோப்பாவுக்குத் துடைப்பத்தோடு கிளம்பியது.

என்னை இந்தக் காரியத்தில் இழுத்தது என் ஜெர்மன் மொழி. நான் ஈப்போவில் பிறந்தவள். மலேசியாவிலிருந்து உதவித்தொகையில் ஜெர்மனிக்குப் போய் வேதிப் பொறியியல் படித்தேன். கல்யாணமாகி ஆக்லாந்துக்கு வந்த பிறகு அந்த மொழியை நான் பேசியது அநேகமாகக் கனவில்தான். ஆனால் மனிதவளத்துறையின் கோப்பில் அது இருந்தது. ஒருநாள் மேலாளர் என் மேசைக்கு வந்து அதன் மூலையில் உட்கார்ந்தார்.

"உங்களுக்கு ஜெர்மன் தெரியுமாமே. இத்தனை வருஷமாகச் சொல்லவே இல்லையே!"

"நீங்கள் கேட்கவில்லை" என்றேன்.

"இன்றிலிருந்து நீங்கள்தான் எங்கள் ஐரோப்பா நிபுணர்."

"நான் அங்கே படித்தேன், அவ்வளவுதான். மறுசுழற்சியில் எனக்கு அனுபவம் இல்லை."

"எங்கள் யாருக்குமே இல்லை" என்று சொல்லிச் சிரித்துவிட்டுப் போனார். அந்தத் திட்டம் உயிரோடு இருந்த காலம் முழுவதிலும் அவர் சொன்ன ஒரே உண்மை அதுதான் என்று நினைக்கிறேன்.

பிறகு ஆலோசகர் வந்தார். கணுக்கால் தெரியும் கால்சட்டை, சாக்ஸ் இல்லாத சப்பாத்து. வந்த முதல் நாளே எங்களைச் சுவரோரம் நிறுத்தி மஞ்சள் காகிதத் துண்டுகளில் எங்கள் கனவுகளை எழுதி ஒட்டச் சொன்னார். ஐம்பது வயதான கணக்கு அதிகாரி 'துணிவு' என்று எழுதி ஒட்டினார். விற்பனைப் பிரிவில் ஒருவர் 'ஐரோப்பா' என்றே எழுதிவிட்டார். ஆலோசகர் அதைப் பார்த்து மெய்சிலிர்த்துப் போனார்.

அவருடைய வியூகம் இப்படி. முதலில் ஜெர்மனியில் உள்ள ஒரு சிறிய மறுசுழற்சி நிறுவனத்தோடு கூட்டு. அவர்கள் பேட்டரிகளைச் சேகரிப்பார்கள். நாங்கள் 'தொழில்நுட்பம்' தருவோம். பேட்டரியை அரைத்தால் கிடைக்கும் கறுப்புத் தூளில்தான் கோபால்ட்டும் நிக்கலும் இருக்கின்றன, அதை விற்றுப் பணம் பார்ப்போம். பிறகு சுவிட்சர்லாந்து, பிறகு மொத்த ஐரோப்பா. திரையில் வரைபடமும் அம்புக்குறிகளும் ஓடின. அம்புகள் எல்லாம் ஆக்லாந்திலிருந்து புறப்பட்டன.

நான் கையை உயர்த்தினேன். "சுவிட்சர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை. அங்கே சட்டம் வேறு."

"அது விவரம்" என்றார் ஆலோசகர். "நாம் இப்போது விவரத்தில் இல்லை. பார்வையில் இருக்கிறோம்."

"நாம் தரப்போகும் தொழில்நுட்பம் எது?"

ஆலோசகர் மேலாளரைப் பார்த்தார். மேலாளர் கேள்வியைத் தன் கையில் எடுத்துக்கொண்டார். "கிவி புத்திசாலித்தனம்" என்றார். இந்த நாட்டுக்காரர்கள் தங்களைக் கிவிகள் என்றுதான் சொல்லிக்கொள்வார்கள். எல்லோரும் சிரித்தார்கள். அடுத்த கூட்டத்தில் பார்த்தால் அந்தச் சொல் திரையிலேயே ஏறியிருந்தது, பெரிய எழுத்தில், பக்கத்தில் ஃபெர்ன் இலையோடு.

எங்கள் வீடு நகரின் மேற்கோரம் ரானுயியில், வாடகை குறைந்த பகுதி. என் கணவர் மன்னாரைச் சேர்ந்தவர், கிறிஸ்தவர், மருத்துவமனையில் தாதி. நல்ல மனிதர். ஆனால் பெரிய கூட்டத்தையும் பெரிய சொல்லையும் கண்டால் இளகிவிடுவார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மாதா கோயில் மண்டபத்தில் தேநீர் குடிக்கும்போது அவர் குரல் மறுகோடியில் நின்ற எனக்குக் கேட்டது.

"என்ர மனிசிதான் இப்ப கொம்பனியின்ர யூரோப் அலுவல் எல்லாம் பாக்கிறா. ஓம், ஜெர்மன்காரரோட நேரடியாக் கதைக்கிறது அவதான்."

காரில் ஏறியதும் சொன்னேன். "ஏங்க, சும்மா எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டு இருக்காதீங்க. அங்க ஒண்ணுமே இல்ல லா. வெறும் பேச்சுதான்."

"நீர் எப்பவும் உப்பிடித்தானப்பா. நல்லது நடக்கேக்க முகத்தை நீட்டிக்கொண்டிருப்பீர். பெரிய ஆக்கள் யோசியாமலே செய்வினம்?"

"பெரிய ஆளுங்கதான் யோசிக்காம செய்வாங்க. அவங்களுக்குத்தான் யாரும் பதில் கேக்க மாட்டாங்க."

பின்சீட்டிலிருந்து எங்கள் மகள், காதில் மாட்டியிருந்ததைக் கழற்றாமலேயே, "மம், இட்ஸ் லிட்டரலி ரபிஷ், ரைட்?" என்றாள். கம்பெனி அறிக்கைகள் எதிலும் அந்த வியூகம் இவ்வளவு சுருக்கமாகச் சொல்லப்படவில்லை.

குளிர்காலம் முடியும் தறுவாயில் ஜெர்மனியிலிருந்து பதில் வந்தது. அந்தச் சிறிய நிறுவனம் ஒரு குடும்பத்தின் சொத்து. அதன் உரிமையாளரான பெண்மணி நேரில் வந்து எங்கள் 'மறுசுழற்சி மையத்தை'ப் பார்க்க விரும்பினார். எங்களிடம் அப்படி ஒன்று இருக்கிறது என்று அவருக்கு எழுதியது யார் என்று எனக்குத் தெரியாது. நான் மொழிபெயர்த்த கடிதங்களில் அது இல்லை. ஆங்கிலத்தில் போன கடிதங்களில் இருந்திருக்க வேண்டும்.

இல்லாத மையத்தை உண்டாக்கும் பொறுப்பு என் பிரிவில் வேலை செய்த கோயம்புத்தூர்க்காரருக்குக் கிடைத்தது. என்னைவிட இளையவர். மேலாளர் தும்மினால் கைக்குட்டையோடு நிற்பவர். தமிழில் என்னை அக்கா என்பார், ஆங்கிலத்தில் எல்லோரையும் 'மேட்' என்பார். பழைய சரக்குக் கொட்டகையைக் காலி செய்து பச்சை வண்ணம் அடித்தார்கள். தொழிற்சாலையில் பிளாஸ்டிக் அரைக்கும் இயந்திரம் ஒன்று இருந்தது. பழுதாய் வந்த பேட்டரிப் பெட்டிகளைப் போட்டால் நொறுக்கித் தரும். அதைத் துடைத்து, புது வண்ணம் பூசி, கொட்டகையின் நடுவில் வைத்தார்கள். பக்கத்தில் ஒரு பலகை: முன்னோடி ஆலை.

"இது பிளாஸ்டிக் அரைக்கிற மெஷின் தானே?" என்றேன் அவரிடம்.

"ஆமாங்க்கா. ஆனா பேட்டரி பொட்டியும் பிளாஸ்டிக்தானுங்களே. பொய்னு சொல்ல முடியாதுங்க்கா."

"லித்தியம் பேட்டரிய இதுல போட்டா என்னா ஆவும் தெரியும்தானே?"

"யாருங்க்கா போடப் போறா?" என்று சிரித்தார். "கரண்டே குடுக்கலீங்க."

சரி, தொலையட்டும் என்று இருந்தேன். முட்டாள்தனத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே சம்பளம் வாங்கலாம், பலர் வாங்குகிறார்கள். எனக்குப் பொறுக்காமல் போனது அந்தச் சனிக்கிழமை.

ரானுயி ஸ்டேஷனிலிருந்து எங்கள் தெருவுக்கு வரும் வழியில், ரயில் பாதையை ஒட்டி, வாடகைக்கு விடும் கிடங்கு வரிசை ஒன்று உண்டு. கல்யாணமாகிப் போனவர்களின் கட்டில்களும் விற்காத சோஃபாக்களும் இருக்கும் இடம். அதன் வேலிக்கு அப்பால் குழந்தைகள் காப்பகம், அதற்கடுத்து எங்கள் தெரு. மகளோடு கடைக்குப் போய்த் திரும்பும்போது எங்கள் கம்பெனி லாரி அந்த வாசலில் நின்றது. ஃபெர்ன் இலையை எங்கே பார்த்தாலும் எனக்கு அடையாளம் தெரியும். உள்ளே ஒளிரும் மஞ்சள் அங்கி அணிந்து கோயம்புத்தூர்க்காரர் நின்றுகொண்டிருந்தார். இரண்டு பேர் மரப்பலகைகளில் அடுக்கிய பேட்டரிகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். தார்ப்பாயின் அடியில் கிடந்தவை. உப்பியவையும் அதில் இருந்தன.

"இங்க என்னா பண்றீங்க?"

என்னைப் பார்த்ததும் அவர் முகம் வெளிறிவிட்டது. "அக்கா! நீங்க இந்தப் பக்கமுங்களா?"

"என் வீடு அந்தத் தெருவுல இருக்கு."

"டெம்பரரிதானுங்க்கா. அந்தம்மா வந்துட்டுப் போற வரைக்கும். பின்னாடி அப்படியே கெடந்தா நல்லாருக்காதுன்னு சொன்னாரு. வாடகையும் கம்மிங்க இங்க."

"கிடங்குக்காரருக்கு இது என்னான்னு தெரியுமா?"

"ஆபீஸ் சாமான்னு சொல்லியிருக்குதுங்க்கா."

மகள் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். உப்பிய லித்தியம் பேட்டரி எப்போது தீப்பிடிக்கும் என்று யாரும் சொல்ல முடியாது. பிடித்தால் தண்ணீர் ஊற்றி எளிதில் அணைக்க முடியாது, வரும் புகையைச் சுவாசிக்கவும் முடியாது. இது எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும், ஆல்பனியில் கம்பளித் துண்டு சுற்றியவருக்கும் தெரியும். பெரிய வீடுகள் இருக்கும் பக்கம் அவர்கள் கிடங்கு தேடவில்லை. ரானுயிக்குத்தான் வந்தார்கள். ரானுயியில் யார் கேட்பார்கள்?

திங்கட்கிழமை மேலாளரின் அறைக்குப் போனேன். அவர் கேட்டுக்கொண்டே தலையாட்டினார். தலையாட்டுவதற்குப் பயிற்சி எடுத்தவர்.

"உங்கள் கவலையை நான் மதிக்கிறேன். விருந்தினர் போன மறுநாள் எடுத்துவிடுவோம்."

"எங்கே எடுத்துப்போவீர்கள்?"

"அதற்கும் ஒரு வியூகம் இருக்கிறது."

"அதற்குள் பற்றிக்கொண்டால்?"

"இத்தனை நாள் பற்றவில்லையே" என்றார்.

அந்த வாரத்தை நான் எப்படிக் கடந்தேன் என்று கேட்டால், அந்த ஜெர்மன் பெண்மணியை நம்பிக் கடந்தேன். அவர் வருவார், பார்ப்பார், இரண்டு நிமிடத்தில் எல்லாவற்றையும் உரித்துவிடுவார், மேலாளர் தலைகுனிந்து நிற்பார், பேட்டரிகள் ஒழுங்காக அகற்றப்படும். நான் படித்த நாட்டில் புட்டிகளைக்கூட நிறம் பிரித்துப் போடுவார்கள். என் பேராசிரியர்களில் ஒருவர் ஆய்வகத்தில் ஒரு துளி அமிலம் சிந்தியதற்காக என்னை அரை நாள் நிற்க வைத்துப் பேசியவர். அந்த நாட்டுப் பெண்மணி இதைப் பொறுக்க மாட்டார் என்று நான் உறுதியாக இருந்தேன். வெள்ளைக்காரர்களை நம்பும் நோய் எனக்கு இல்லை என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். ஆங்கிலம் பேசுகிறவர்களிடம் மட்டும்தான் அது இல்லை போலிருக்கிறது.

வந்தார். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். குட்டையாக வெட்டிய நரைமுடி, உறுதியான காலணி, மழைக்கோட்டு. ஆங்கிலம் நன்றாகவே பேசினார். மேலாளர் முன்பே மனப்பாடம் செய்துவைத்திருந்த, இந்த மண்ணின் பூர்வகுடிகளான மாவோரிகளின் வரவேற்புச் சொற்களைத் தப்பான உச்சரிப்பில் சொல்லிவிட்டு, கொட்டகைக்கு அழைத்துப் போனார். ஆலோசகர், கோயம்புத்தூர்க்காரர், நான், எல்லோரும் பாதுகாப்புக் கண்ணாடி அணிந்து பின்னால் போனோம். ஓடாத இயந்திரத்தின் முன் எதற்குக் கண்ணாடி என்று எனக்குப் புரியவில்லை.

அவர் இயந்திரத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். குனிந்து உள்ளே பார்த்தார்.

"இதன் கொள்ளளவு என்ன?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"விரிவாக்கக்கூடியது" என்றார் கோயம்புத்தூர்க்காரர். சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

பெண்மணி என் பக்கம் திரும்பி, முகத்தில் எந்த மாற்றமும் இல்லாமல், ஜெர்மனில் கேட்டார். "இது பிளாஸ்டிக் அரைக்கும் இயந்திரம்தானே?"

"ஆமாம்."

"மின்சார இணைப்பு?"

"இல்லை."

"அப்படியானால் உங்கள் செத்த பேட்டரிகள் எங்கே?"

"என் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு வாடகைக் கிடங்கில். குழந்தைகள் காப்பகத்துக்குப் பின்னால். நீங்கள் பார்த்துவிடக் கூடாது என்று போன சனிக்கிழமை மாற்றினார்கள்."

இத்தனையையும் நான் மேலாளருக்கு ஒரு கை தூரத்தில் நின்று சொன்னேன். அவர் எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்துப் புன்னகைத்துக்கொண்டிருந்தார். பல வருஷம் கழித்து அந்த மொழி என் வாயில் அவ்வளவு தெளிவாக வந்தது எனக்கே ஆச்சரியம்.

"என்ன சொல்கிறார்?" என்றார் மேலாளர்.

"உங்கள் இயந்திரம் மிகவும் சுத்தமாக இருக்கிறதாம்."

பெண்மணி வாய்விட்டுச் சிரித்தார். மேலாளரும் சிரித்தார். ஆலோசகர் ஒருபடி மேலே போய்க் கைதட்டினார்.

மதியம் அவரை மேற்குக் கடற்கரைக்கு அழைத்துப் போனார்கள். கறுப்பு மணலும் குன்றுகளும் அலையும் அவருக்குப் பிடித்துவிட்டன. கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டே இருந்தார். மற்றவர்கள் காபி வாங்கப் போன நேரத்தில் நாங்கள் இருவரும் மணலில் நடந்தோம். இப்போது சொல்வார், கூட்டு கிடையாது என்று இப்போது சொல்வார் என்று நான் காத்திருந்தேன்.

"நீங்கள் கவலைப்படுகிறீர்கள்" என்றார்.

"காப்பகத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார்கள் என்றால் கவலைப்படாமல் எப்படி?"

"அது மோசம். அதைச் சரிசெய்யச் சொல்லுங்கள்." காற்றில் பறந்த கோட்டை இழுத்துப் பொத்தான் போட்டார். "ஆனால் கூட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. உங்களிடம் ஆலை இல்லை என்று எனக்கு வருவதற்கு முன்பே தெரியும். எங்களிடமும் இல்லை."

எனக்குக் காதில் சரியாக விழவில்லையோ என்று நினைத்தேன்.

"நாங்கள் சேகரிப்போம், தரம் பிரிப்போம், எடை போடுவோம். பிறகு லாரியில் வேறு நாட்டுக்கு அனுப்பிவிடுவோம். அதற்கு அப்பால் என்ன நடக்கிறது என்று எங்களை யாரும் கேட்பதில்லை. பெரிய நிறுவனங்கள் இந்தத் தொழிலுக்குள் வந்துகொண்டிருக்கின்றன. எங்களை மாதிரிச் சிறியவர்கள் நிற்க வேண்டுமென்றால் வெளிநாட்டுக் கூட்டாளி வேண்டும், நல்ல பெயர் வேண்டும்." கையை நீட்டிக் குன்றுகளைக் காட்டினார். "எனக்கு வேண்டியது உங்கள் இயந்திரம் இல்லை. இதுதான். எங்கள் விளம்பரப் புத்தகத்தின் அட்டையில் போடுவதற்கு."

அவர்களுக்கு எங்கள் மலைகள் வேண்டும். எங்களுக்கு அவர்கள் முகவரி வேண்டும். இரண்டு வெறுங்கைகள் ஒன்றையொன்று குலுக்கிக்கொள்ளத் துடித்தன, நடுவில் நின்று நான் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் கணத்தில் எனக்கு மேலாளர்மேல் இருந்த இகழ்ச்சிகூடச் சற்றுக் குறைந்தது. அவராவது தான் எதையோ செய்வதாக உண்மையிலேயே நம்பினார். இந்த அம்மாவுக்கு அந்த மயக்கம்கூட இல்லை. ஐஸ்கிரீம் வாங்கித் தந்தால் சாப்பிடுவேனா என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.

மறுநாள் காலை நான் தீயணைப்புத் துறைக்குப் போன் செய்து, கிடங்கில் இருப்பது என்னவென்று சொன்னேன். என் பெயரையும் வேலை செய்யும் இடத்தையும் மறைக்கவில்லை. மதியத்துக்குள் இரண்டு அதிகாரிகள் கிடங்கைத் திறந்து பார்த்துவிட்டார்கள். காப்பகத்தில் இருந்த குழந்தைகளை அன்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். உப்பிய பேட்டரிகளை மணல் நிரப்பிய பீப்பாய்களில் இட்டு, கம்பெனியின் செலவில் உடனே அகற்றச் சொன்னார்கள். கிடங்குக்காரர், 'ஆபீஸ் சாமான்' என்று நம்பிய மனிதர், தெருவில் நின்று எங்கள் மேலாளரின் தாயாரைப் பற்றிப் பேசிய ஆங்கிலத்தை நான் மொழிபெயர்க்கப் போவதில்லை.

மேலாளர் என்னைக் கூப்பிட்டார்.

"நீங்களா போன் செய்தது?"

"ஆமாம், நான்தான்."

"என்னிடம் வந்திருக்கலாமே."

"வந்தேன். நீங்கள் தலையாட்டினீர்கள்."

என்னை அப்போதே வெளியேற்ற அவருக்கு ஆசை இருந்தது, முகத்திலேயே தெரிந்தது. ஆனால் ஒப்பந்தத்தின் ஜெர்மன் வடிவம் மேசையில் கிடந்தது. அதைப் படிக்கத் தெரிந்தவள் அந்தக் கட்டடத்தில் நான் ஒருத்திதான்.

"ஒப்பந்தத்தை வெள்ளிக்கிழமைக்குள் சரிபார்த்துத் தருவீர்களா?" என்றார்.

தந்தேன். அது சுத்தமான ஒப்பந்தம். இரு தரப்பும் எதையும் செய்ய வேண்டியதில்லை என்று அழகான ஜெர்மனில் எழுதியிருந்தது.

அன்று வீட்டில் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். காப்பகத்துப் பிள்ளைகளில் இரண்டு பேர் அவருடைய வார்டில் வேலை செய்கிறவர்களின் பிள்ளைகள். இரவு உணவுக்கு மேசையில் உட்கார்ந்தபோது, "நீர் செய்தது சரி" என்றார். பிறகு, "ஆனா இனி உம்மை வச்சிருக்க மாட்டினம், என்ன?" என்றார்.

"வச்சிருக்க மாட்டாங்க."

"வீட்டு மோட்கேஜ் இருக்கப்பா."

"தெரியும்."

"சரி, பாப்பம்" என்று இன்னொரு கரண்டி சோறு போட்டுக்கொண்டார். அந்த மனிதரை நான் கல்யாணம் செய்ததற்கான காரணங்கள் சில வருஷங்களாக எனக்கு மறந்திருந்தன. அன்று ஒன்று நினைவுக்கு வந்தது.

ஒப்பந்தம் கையெழுத்தானது. ஆல்பனி அலுவலகத்தில் பாலாடைக்கட்டியும் வைனும் வைத்துக் கொண்டாடினார்கள். மேலாளரும் பெண்மணியும் கைகுலுக்கும் படம் வணிகப் பத்திரிகைகளில் வந்தது. ஐரோப்பிய அலுவலகம் என்று நாங்கள் திறந்தது அந்தப் பெண்மணியின் கட்டடத்தில் ஒரு தபால்பெட்டி. அங்கே வரும் விளம்பரத் தாள்களை அவருடைய காரியதரிசி காகிதக் குப்பைத் தொட்டியில் போட்டுவந்தார். எங்கள் கூட்டு உண்மையாகவே மறுசுழற்சிக்கு அனுப்பியது அந்தத் தாள்களை மட்டும்தான் என்று நினைக்கிறேன்.

அதற்குச் சற்றுப் பின் எனக்குக் கடிதம் கொடுத்தார்கள். மறுசீரமைப்பில் என் பதவி தேவையற்றதாகிறதாம். இந்த நாட்டில் ஒருவரை நேராக வெளியே போ என்று சொல்ல மாட்டார்கள். 'இது ஒரு முன்மொழிவு மட்டுமே, உங்கள் கருத்தைக் கேட்க ஆவலாக இருக்கிறோம்' என்பார்கள். கருத்துக் கேட்கும் கூட்டத்துக்கு மனிதவளத்துறைப் பெண் கையில் திசுக் காகிதப் பெட்டியோடு வந்தாள். நான் அழுவேன் என்று எதிர்பார்த்தாள் போல. என் கருத்து இதுதான் என்று சொல்லி, சுவிட்சர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை என்றேன். அவள் அதையும் குறித்துக்கொண்டாள்.

சில மாதங்களில் மவுண்ட் ஆல்பர்ட்டில் ஒரு பரிசோதனைக்கூடத்தில் வேலை கிடைத்தது. மண்ணிலும் தண்ணீரிலும் ஈயம் இருக்கிறதா என்று பார்ப்பது. ஈயம் கலந்த வண்ணம் பூசிய பழைய மரவீடுகளை வாங்குகிறவர்கள் தோட்டத்து மண்ணைப் பையில் கட்டிக்கொண்டு வருவார்கள். சம்பளம் குறைவு, ரயிலில் போய்வரலாம், பார்வையும் வியூகமும் கிடையாது.

கோபால்ட் விலை இறங்கியது. அதோடு எங்கள் மேலாளரின் எதிர்காலமும் இறங்கியது. கூட்டு ஓசையில்லாமல் கலைந்தது. அவர் அதற்கு முன்பே வேறு கம்பெனிக்குப் போய்விட்டிருந்தார். அங்கே எதிர்காலம் ஹைட்ரஜனில் இருந்ததாம். ஐரோப்பிய மறுசுழற்சிச் சந்தையில் நுழைந்த அனுபவத்தைப் பற்றி மாநாடுகளில் பேசுகிறார் என்று கேள்விப்பட்டேன். உண்மையாகவே நுழைந்தவர் யாராவது வந்து மறுத்தால்தானே பொய் என்று தெரியும். அந்தப் பெண்மணி தன் நிறுவனத்தை ஒரு பெரிய நிறுவனத்துக்கு நல்ல விலைக்கு விற்றுவிட்டாராம். கறுப்பு மணல் படம் அதற்கு உதவியிருக்க வேண்டும்.

அந்தப் பத்தாண்டு முடியும் தறுவாயில் ஒருநாள் மாலை, நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. கோயம்புத்தூர்க்காரர்.

"அக்கா, நல்லாருக்கீங்களா? நாந்தானுங்க இப்ப சஸ்டைனபிலிட்டி ஹெட்."

"அப்படியா. ரொம்ப சந்தோஷம்."

"ஒரு சின்ன ஹெல்ப் வேணுங்க்கா. அந்த ஜெர்மன் அம்மாவ வாங்குன கம்பெனியிலிருந்து ஒரு கடுதாசி வந்திருக்குதுங்க. ஜெர்மன்லயே எழுதிப்போட்டாங்க. ஏதோ கூட்டு இருந்தப்ப எங்க பேருல அங்க கொஞ்சம் பேட்டரி சேர்ந்து கெடக்குதாமாட்ட இருக்குதுங்க. வந்து எடுத்துட்டுப் போகச் சொல்றாங்களா, இல்ல வேற என்னமோங்களா, எனக்கு வெளங்கலீங்க்கா. நீங்க கொஞ்சம் படிச்சுச் சொன்னா..."

நான் ஒரு சட்டையை உதறிக் கொடியில் போட்டேன்.

"அதுல என்ன இருக்குன்னு எனக்குப் பாக்காமலே தெரியும்" என்றேன்.

"என்னங்க்கா?"

"வந்து எடுத்துட்டுப் போங்கன்னுதான் இருக்கும்."

"அவ்வளவு தூரம் போயிங்களா?" என்று அவர் உண்மையான வருத்தத்தோடு கேட்டார். "எடுத்துட்டு வந்து எங்கீங்க்கா வெக்கிறது?"

"ரானுயி பக்கம் மட்டும் வந்துடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். மேற்கே மேகம் கறுத்திருந்தது. போட்ட துணிகளை மறுபடி எடுக்க வேண்டியிருந்தது.